கைநாட்டும் நாற்பது மணி நேரமும்

எழுத்தறியாத பெரியவர்களுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுத்த வரலாற்றைப் புரட்டினால் 'நாற்பது மணி நேரம்' என்ற கணக்கு இரண்டு இடங்களில் தட்டுப்படுகிறது. முதல் இடம் பிரேசிலின் வடகிழக்கில் அங்கிகோஸ் என்ற வறண்ட ஊர், வருடம் 1963. இரண்டாவது ஐதராபாத்தை ஒட்டி, அன்றைய மேடக் மாவட்டத்தில் இருந்த பீரம்குடா கிராமம், வருடம் 2000. முன்னதை வழிநடத்தியவர் பாவ்லோ ஃப்ரெய்ரே. பின்னதற்கு மூளையாக இருந்தவர் டி.சி.எஸ். நிறுவனத்தை வளர்த்தெடுத்த எஃப்.சி. கோலி. ஒருவரை அந்த நாற்பது மணி நேரத்தின் விளைவாக ராணுவம் சிறையில் போட்டது. இன்னொருவரை இந்திய மென்பொருள் துறையின் தந்தை என்று இன்றும் மேடைகளில் சொல்கிறார்கள். இருவரும் ஒரே மணிக்கணக்கைச் சொன்னது தற்செயல்தான். ஆனால் அந்த நேரத்துக்குள் யார் எதை வைத்தார்கள், எதை வெளியே தள்ளினார்கள் என்பது தற்செயல் இல்லை.

நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். ஒரு வேலை இத்தனை நாளில் முடிந்துவிடும் என்று யாராவது சொன்னால் 'முடியுமா?' என்று கேட்பதைவிட 'எதை விட்டுட்டு?' என்று கேட்பதுதான் எங்கள் ஊர் வழக்கம். எஸ்டிமேட் என்பதில் பாதி, செய்யப்போகாத வேலைகளின் பட்டியல். கோலியின் திட்டத்தை அந்தக் கண்ணோடுதான் படிக்க ஆரம்பித்தேன்.

கோலி 1924இல் பெஷாவரில் பிறந்தவர். எம்.ஐ.டி.யில் மின்பொறியியல் படித்துவிட்டு டாடாவின் மின்சார நிறுவனத்தில் சேர்ந்தார். 1969இல் டி.சி.எஸ். பொறுப்பு அவர் கைக்கு வந்தது. 1996 வரை அதை நடத்தினார். ஓய்வுக்குப் பிறகு அவரைப் பிடித்துக்கொண்ட விஷயங்களில் ஒன்று எழுத்தறிவு. 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் ஏழு வயதுக்கு மேற்பட்டவர்களில் எழுத்தறிவு பெற்றவர்கள் 64.8 சதவீதம். பெண்களில் 53.7 சதவீதம்தான். ஆட்களாக எண்ணினால் ஏறத்தாழ 30 கோடிப் பேருக்கு எழுத்துத் தெரியாது.

அப்போது நடப்பில் இருந்தது 1988இல் தொடங்கிய தேசிய எழுத்தறிவு இயக்கத்தின் முறை. மூன்று பாடநூல்கள், மொத்தம் 200 மணி நேரம். 200 மணி நேரம் என்பது நமக்குப் பெரிதாகத் தெரியாது, ஒரு வெப்சீரிஸ் ரசிகர் ஒரு வருடத்தில் தாண்டிவிடுவார். களையெடுத்துவிட்டு வந்து, உலை வைத்து, பிள்ளைகளுக்குப் போட்டுவிட்டு எட்டரை மணிக்கு உட்காருகிற பெண்ணுக்கு அது இரண்டு மணி நேரம் வீதம் நூறு இரவுகள். அந்த நூறு இரவுக்குள் ஒரு அறுப்பு வரும், ஒரு சாவு விழும், ஒரு மகள் பிரசவத்துக்கு வருவாள், வேலை தேடி வெளியூர் போக வேண்டியிருக்கும். பாதியில் நின்றுபோகிறவர்களைக் குறை சொல்ல எதுவுமில்லை. கோலி இதை நேரப் பற்றாக்குறையாகவும் ஆசிரியர் பற்றாக்குறையாகவும் பார்த்தார். பொறியாளர் அப்படித்தான் பார்ப்பார். அது தப்பான பார்வை என்று நான் நினைக்கவில்லை.

பேராசிரியர் பி.என். மூர்த்தியும் டி.சி.எஸ். குழுவும் செய்த மென்பொருள் இன்றைக்குப் பார்த்தாலும் மரியாதை வரவழைக்கிற வேலை. எழுத்தறிவு இயக்கத்தின் பாடநூல்களையே அடிப்படையாக எடுத்துக்கொண்டார்கள். அதில் இருந்த சொற்களைத் திரையில் அசையும் படங்களாக்கினார்கள். பாடம் நடத்த பொம்மலாட்டப் பொம்மைகள் வரும். கூடவே ஒரு குரல் சொல்லும். ஒரு கணினியைச் சுற்றிப் பதினைந்து இருபது பேர். இயக்குவதற்குப் பயிற்சி பெற்ற ஆசிரியர் வேண்டாம், ஊரில் படித்த ஒரு பெண்ணோ பையனோ போதும். எட்டுப் பத்து வாரங்களில் நாற்பது மணி நேரம். முடிவில் சுமார் ஐந்நூறு சொற்கள் பழகியிருக்கும், எளிய செய்தித்தாளைப் படிக்கலாம். ஆளுக்கு நூறு ரூபாய்க்குள் அடங்கும் என்பது அவர்கள் கணக்கு. எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது, இது 486 கணினியில் ஓடியது. அலுவலகங்கள் கழித்துப் போட்ட பெட்டிகள். பழைய பெட்டிக்காக உட்கார்ந்து புதுசாக எழுதுகிறவர்கள் எங்கள் தொழிலில் ரொம்பக் குறைவு.

இன்னொரு நல்லதும் அதில் உண்டு. நாற்பத்தைந்து வயது ஆள் ஒரு பத்தாம் வகுப்புப் பையன் முன்னால் தடுமாறுவதில் ஒரு கூச்சம் இருக்கிறது. இயந்திரம் 'நேத்துதானே சொன்னேன்' என்று சொல்லாது. நூறாவது முறையும் முதல் முறை சொன்ன அதே குரலில் சொல்லும்.

மென்பொருளின் அடிப்படைக் கொள்கை, சொல்லை முழு உருவமாகப் பார்க்க வைப்பது. அ, ஆ என்று அகர வரிசையில் தொடங்காமல், தெரிந்த பொருளின் பெயரை ஒரு படம்போல மனதில் பதிய வைத்து, பிறகு அதை உடைத்து உள்ளே இருக்கும் எழுத்துகளைக் காட்டுவது. இங்கே ஒரு வேடிக்கை. 486 பெட்டிகளில் ஓடக்கூடிய அந்தக் காலத்து விண்டோஸுக்குத் தெலுங்கு எழுத்தே தெரியாது. தெலுங்கை எழுத்தாகக் கையாளும் வசதி 2001இல் எக்ஸ்.பி.யோடுதான் வந்தது. அதற்கு முன்பு ஒரு தெலுங்குச் சொல்லைத் திரையில் காட்ட வேண்டுமானால் படமாகப் போட வேண்டும், இல்லையென்றால் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தெலுங்கு வடிவங்களைத் திணித்த எழுத்துருவை வைத்து ஒப்பேற்ற வேண்டும். ஆக, பீரம்குடாவில் திரைக்கு முன்னால் உட்கார்ந்தவர்களைப் போலவே திரைக்குப் பின்னால் இருந்த பெட்டிக்கும் தெலுங்கில் எழுத்தறிவு கிடையாது. அதற்கும் சொல் என்பது ஒரு படம்தான்.

சரி, 200 எப்படி 40 ஆனது? சொற்களைக் குறைத்தார்கள், படமும் குரலும் வேகத்தைக் கூட்டின. ஆனால் பெரிய வெட்டு வேறு. எழுதுவதை விட்டுவிட்டார்கள்.

இதை யாரும் மறைக்கவில்லை. பெரியவர்களுக்கு வாசிப்புதான் முதல் தேவை, எழுதக் கற்பதுதான் நேரத்தைத் தின்கிறது, வாசிக்கத் தெரிந்தால் எழுத்து பின்னால் வரும் என்பது அவர்கள் வாதம். எழுத்தறிவு இயக்கம் வைத்திருந்த அளவுகோலைப் பார்த்தாலே இதன் நியாயம் புரியும். தேறியவர் நிமிடத்துக்கு 30 சொற்களை வாய்விட்டு வாசிக்க வேண்டும். பார்த்து எழுதுவதற்கோ நிமிடத்துக்கு 7 சொற்கள் போதும். வாழ்நாளெல்லாம் அரிவாளும் கடப்பாரையும் பிடித்த விரலுக்குப் பேனா அத்தனை இலேசான சாமான் இல்லை. கணினியின் வாகும் இந்த முடிவுக்குத் துணை நின்றிருக்கும் என்று ஊகிக்கிறேன். மவுஸை வைத்து யாருக்கும் 'க' போடப் பழக்க முடியாது. எது கருவிக்கு வசதியோ அதுவே பாடத்துக்கும் முக்கியம் என்று ஆகிவிடுவது எங்கள் தொழிலில் அன்றாடம் நடப்பது.

இதில் ஒரு சிக்கல். இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு எழுத்தறிவுக்கு வைத்திருக்கும் வரையறை: ஏதாவது ஒரு மொழியில் புரிந்து வாசிக்கவும் எழுதவும் தெரிந்திருக்க வேண்டும். வாசிக்க மட்டும் தெரிந்து எழுதத் தெரியாதவர் எழுத்தறிவு பெற்றவர் ஆகமாட்டார். நாட்டின் எழுத்தறிவு எண்ணிக்கையை உயர்த்தப் புறப்பட்ட திட்டம், முழுதாக வெற்றி பெற்ற மாணவரைக்கூட அந்த எண்ணிக்கைக்குள் சேர்க்க முடியாத வடிவத்தில் தொடங்கியது. இதை வெறும் வரையறைச் சண்டை என்று ஒதுக்கலாம். ஆனால் தமிழ்நாட்டிலிருந்து பார்க்கும்போது அது அப்படித் தெரியவில்லை.

*

'கைநாட்டு' என்பது நம்மிடம் ஒரு செயலின் பெயர் மட்டும் இல்லை, ஒரு ஆளைக் குறிக்கிற வசவும்கூட. 'அவன் கைநாட்டு' என்றால் போதும். வாசிக்கத் தெரியாததைச் சுட்டுவதற்கு இதுபோல ஒரு சொல் நம்மிடம் இருப்பதாகத் தெரியவில்லை. யோசித்தால் காரணம் புரிகிறது. வாசிக்கத் தெரியாததை ஒரு மனிதர் நாள் முழுக்க மறைக்க முடியும். பஸ் போர்டைப் பார்க்காமல் கண்டக்டர் கூவுவதைக் கேட்டு ஏறலாம். கடிதத்தைப் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் கொடுக்கலாம். வங்கியிலோ தாலுகா ஆபீஸிலோ மை டப்பாவை நம் பக்கம் தள்ளும்போது மறைக்க முடியாது. பின்னால் வரிசையில் நிற்பவர் பார்ப்பார். பெருவிரலில் நீலம் வீடு வரைக்கும் வரும்.

1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் தமிழ்நாட்டில் பரவியபோது இதை நன்றாகப் புரிந்துகொண்டது. புதுக்கோட்டை மாவட்டம் அதில் பேர் பெற்றது. ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் காலத்தில் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் பழகியதும், கல் குவாரிகளைப் பெண்கள் குழுக்களே குத்தகைக்கு எடுத்ததும் பலரும் எழுதிய கதைகள். மானிடவியலாளர் பிரான்சிஸ் கோடி பின்னாளில் அங்கே தங்கி ஆய்வு செய்து 2013இல் வெளியிட்ட 'தி லைட் ஆஃப் நாலெட்ஜ்' நூலில் கையெழுத்துக்கும் மனுவுக்கும் தனி இடம் உண்டு. திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் மனு கொடுக்கும்போது கீழே ரேகைக்குப் பதிலாகப் பெயர் இருப்பது என்ன வித்தியாசம் என்று சென்னையில் உட்கார்ந்து கேட்கலாம். மனு கொடுத்தவர்களுக்கு அது தெரியும்.

என் அத்தை ஒருவர் அறிவொளியில் படித்தவர். அரிக்கேன் விளக்கு, சிலேட்டு, ஆடிப் பாடிய வீதி நாடகம் எல்லாம் இன்றும் சொல்லுவார். இரண்டு வருடம் முன்பு பேச்சுவாக்கில் ஒரு தினத்தந்தியை நீட்டி வாசிக்கச் சொன்னேன். சிரித்தார். "எழுத்தெல்லாம் அப்பயே போச்சுப்பா, யாரு தெனம் படிச்சா? பேரு மட்டும் கை தானா போடும்." போட்டும் காட்டினார். மூன்றெழுத்து இனிஷியலோடு, கோடு விலகாமல். நாற்பது மணி நேரத் திட்டம் எதைக் கொடுத்ததோ அது இவரிடம் முப்பது வருடத்தில் கரைந்துவிட்டது. எதை விட்டதோ அது நின்றுவிட்டது. ஒரு அத்தையை வைத்து முறைமை எதையும் நிறுவ முடியாது என்று தெரியும். ஆனால் கை நினைவு வைத்துக்கொள்வதும் கண் நினைவு வைத்துக்கொள்வதும் வேறு வேறு என்பதையும், கூட்டுறவு சங்கத்தில் மாதம் ஒரு முறையாவது கையெழுத்துப் போடும் வேலை வந்துகொண்டே இருந்தது என்பதையும் மறக்க முடியவில்லை. வாசிக்க வேண்டிய வேலை அவருக்கு வரவே இல்லை.

*

ஃப்ரெய்ரேவின் நாற்பது மணி நேரத்துக்கு வருவோம். அங்கிகோஸில் சுமார் 300 பேர், பெரும்பாலும் கூலிகள். சொல்லிக்கொடுத்தது பல்கலைக்கழக மாணவர்கள். அவர்களும் இயந்திரம் வைத்திருந்தார்கள்: சுவரில் படம் காட்டும் ஸ்லைடு புரொஜெக்டர். போலந்திலிருந்து வரவழைத்த மலிவான கருவிகளை ஃப்ரெய்ரே தன் எழுத்திலேயே குறிப்பிடுகிறார். கருவி வேண்டாம் என்று சொன்ன ஆள் இல்லை அவர்.

அவர் வேண்டாம் என்றது பாடநூலை. எங்கோ உட்கார்ந்து யாரோ எழுதிய வாக்கியங்களைப் பெரியவர்கள் திருப்பிச் சொல்லக்கூடாது என்றார். முதலில் குழு அந்த வட்டாரத்துக்குப் போய் மக்கள் பேசுகிற சொற்களைச் சேகரிக்கும். பிறகு வகுப்பு. வகுப்பின் தொடக்கத்தில் எழுத்தே கிடையாது. பிரான்சிஸ்கு பிரென்னாண்ட் என்ற ஓவியர் வரைந்த பத்துப் படங்கள். கிணறு, மரம், வேட்டையாடுபவன், மண்பாண்டம் செய்பவன். இதில் இயற்கை எது, மனிதன் செய்தது எது என்று பேச்சு போகும். பானை செய்கிறவனும் பண்பாட்டை உண்டாக்குகிறவன்தான், அப்படியானால் நானும்தான் என்கிற இடத்துக்குப் பேச்சு வந்த பிறகுதான் முதல் சொல். நாற்பது மணி நேரமே இருக்கும்போது எழுத்தைக் காட்டாமல் பேசிக்கொண்டே இருப்பதற்கு எங்கள் ஸ்பிரிண்ட் கூட்டத்தில் எவரும் ஒப்புதல் தரமாட்டார்கள்.

முதல் சொல் வந்த பிறகு அவர் செய்தது நமக்கு மிகவும் பழகியது. செங்கல்லுக்குப் போர்த்துக்கீசியத்தில் 'திஜோலு'. அதை மூன்று துண்டாக உடைத்து, ஒவ்வொரு துண்டின் குடும்பத்தையும் அட்டையில் எழுதுவார்: த தே தி தோ தூ, ஜ ஜே ஜி ஜோ ஜூ, ல லே லி லோ லூ. 'கண்டுபிடிப்பு அட்டை' என்று பெயர். குறுக்கும் நெடுக்கும் கலந்து மாணவர்களே புதுச் சொற்களைச் செய்வார்கள். இந்த அட்டையை முதன்முதலில் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது, நம் உயிர்மெய் அட்டவணையேதான்! 247 எழுத்து என்று நாம் பயமுறுத்துவது உண்மையில் பன்னிரண்டும் பதினெட்டும் பெருக்கிய ஒரு சட்டகம். அதன் தர்க்கம் ஒருமுறை பிடிபட்டால் போதும். சொல்லைப் படமாக மனப்பாடம் செய்வதைவிட அது வெகுதூரம் கொண்டுபோகும். கோலியின் மென்பொருளும் சொல்லை உடைத்தது. ஆனால் உடைந்த துண்டுகளை வைத்து விளையாடவும் புதுச் சொல் செய்யவும் ஆட்கள் தேவை, பேச்சு தேவை, தாளும் கரியும் தேவை.

அங்கிகோஸில் எழுத்துக்கு ஒரு விலை இருந்தது. அன்றைய பிரேசிலில் எழுத்தறியாதவருக்கு வாக்குரிமை இல்லை. 1985 வரை இல்லை. 300 கூலிகளுக்கு எழுத்தறிவு என்றால் அந்த ஊரில் 300 புது வாக்குகள். இதை எல்லாருமே புரிந்துகொண்டார்கள். 1963 ஏப்ரல் 2ஆம் தேதி நிறைவு வகுப்புக்கு அதிபர் ஜோவா கூலார்ட் நேரில் வந்தார். வந்தவர்களில் காஸ்தெலோ பிராங்கோ என்ற ஜெனரலும் ஒருவர். நாடு முழுக்க 20,000 குழுக்கள் என்று திட்டம் போட்டார்கள். மறுவருடமே ராணுவம் ஆட்சியைப் பிடித்தது, அந்த ஜெனரல் அதிபரானார், எழுத்தறிவுத் திட்டம் சில நாட்களில் ரத்தானது. ஃப்ரெய்ரேவுக்கு எழுபது நாள் அளவில் சிறை, பிறகு நாடு கடந்த வாழ்க்கை.

அடுத்து நடந்ததுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ராணுவ அரசு எழுத்தறிவைக் கைவிடவில்லை. 'மொப்ரால்' என்ற பெயரில் பிரம்மாண்டமான இயக்கத்தை 1970 முதல் நடத்தியது. அதிலும் முதல் சொல் உண்டு, சொல்லை உடைப்பது உண்டு, துண்டுகளின் குடும்பங்கள் உண்டு. சொற்களை ஊரில் போய்ச் சேகரிப்பதும், படத்தை வைத்துப் பேசுவதும் மட்டும் இல்லை. சொற்கள் மேலிருந்து அச்சடித்து வந்தன. எங்கள் மொழியில் சொன்னால், ஒருவரின் கோடை எடுத்து அதில் தொந்தரவான மாட்யூலை மட்டும் கழற்றிவிட்டு மறுபடி ரிலீஸ் செய்தார்கள்.

கோலியை அந்த ஜெனரல்களின் பக்கத்தில் நிறுத்துவது அநியாயம்; அவர் யார் வாயையும் அடைக்கப் புறப்படவில்லை. அவர் முன்னால் இருந்தது 30 கோடி என்ற எண், கையில் இருந்தது கழித்துப் போட்ட கணினி. ஆனால் உத்தரவால் கழன்ற அதே பகுதி இங்கே சிக்கனத்தால் கழன்றுவிட்டது. வகுப்பில் வருகிற சொல்லை யார் தேர்ந்தெடுப்பது, இந்த எழுத்தை வைத்து நாளை எந்த அலுவலகத்துக்குப் போகப் போகிறோம் என்பதற்கெல்லாம் திரையில் இடமில்லை. பிற்காலத்தில் அந்த மென்பொருளோடு எழுத்தும் கணக்கும் சேர்ந்தன, அதற்கேற்ப மணிக்கணக்கும் நாற்பதைத் தாண்டியது. தமிழ் உட்படப் பல மொழிகளில் வந்தது. எழுத்து திரும்ப வந்ததே, வெட்டியது எவ்வளவு பெரிய துண்டு என்பதற்குச் சாட்சி.

கருவியை வைத்துக்கொண்டே வேறு விதமாகத் தொடங்கியவர்களும் உண்டு. கியூபாவின் லியோனெலா ரெலிஸ் 2001 வாக்கில் உருவாக்கிய 'யோ சி புவேதோ' ('என்னால் முடியும்') முறை 65 வீடியோ பாடங்களால் ஆனது. அதில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு எண் துணைக்கு வரும். எழுத்துத் தெரியாதவருக்கும் எண் தெரியும், காசு எண்ணாதவர் யார்? தெரிந்ததிலிருந்து தெரியாததற்கு ஒரு பாலம். வீடியோ ஓடும்போது பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருப்பார், நோட்டில் எழுதுவதும் உண்டு. இந்த எளிய எண் யோசனையின் முன்னால் பல கோடி டாலர் செலவில் வந்த செயலிகள் பலவும் எனக்குச் சாதாரணமாகத்தான் தெரிகின்றன.

இப்போது நடப்பில் இருப்பது 2022இல் தொடங்கிய புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம். பதினைந்து வயதுக்கு மேற்பட்ட ஐந்து கோடிப் பேரை ஐந்து ஆண்டுகளில் எட்டுவது இலக்கு. பதிவும் பாடமும் செயலி வழி, கற்பிப்பது தன்னார்வலர். கடைசியில் 150 மதிப்பெண்ணுக்குத் தேர்வு: வாசிக்க 50, எழுத 50, கணக்குக்கு 50. எழுத்துக்கு மூன்றில் ஒரு பங்கு கிடைத்திருக்கிறது.

சில வருடங்களுக்கு முன்பு பெரியவர்களுக்கு வாசிக்கக் கற்றுத்தரும் ஒரு தனியார் செயலிக்கு வேலை பார்த்தேன். அதைத் திறந்ததும் வரும் முதல் திரை, 'உங்கள் பெயரை உள்ளிடவும்'. அடுத்தது ஓ.டி.பி. வாசிக்கத் தெரியாதவருக்கான செயலியில் வாசலே எழுத்து. களத்தில் இதைத் தன்னார்வலரே நிரப்பிக் கொடுத்துவிடுவார், அதனால் யாரும் புகார் சொல்லவில்லை. ஒரு முறை களத்துக்குப் போனபோது ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா பாடம் ஆரம்பிக்கும் முன்பே தன்னார்வலரின் கையைப் பிடித்து நிறுத்தினார். "இரு தம்பி, இப்ப நீ அடிச்சது எம்பேரா? அத மட்டும் திரும்பக் காட்டு." காட்டினான். பையிலிருந்து மளிகைக் கடைச் சீட்டை எடுத்து, பின்பக்கம் திருப்பி, பேனா கேட்டு வாங்கி, போனைப் பார்த்துப் பார்த்து வரைந்துகொண்டிருந்தார். போனின் ஒளி மங்கும்போதெல்லாம் அந்தப் பையன் விரலால் தொட்டு எழுப்பிக்கொண்டிருந்தான். அரைமணி நேரம் போயிருக்கும். அதற்குள் அவருக்கு ஆடு ஓட்டப் போகும் நேரம் வந்துவிட்டது, சீட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு கிளம்பினார். அன்று இரவு டேஷ்போர்டில் பார்த்தேன். அவர் பெயருக்கு நேரே, முடித்த பாடங்கள்: 0.